மூணாம் மாசம்

அந்த மேடையில் இரண்டு மைக்குகள் இருந்தன. வயர் இல்லாதது தீர்க்கதரிசி ஐயாவுக்கு. வயர் உள்ளது எனக்கு. என்னுடையதன் தலையில் கறுப்புப் பஞ்சு உறை ஒன்று மாட்டியிருக்கும். எனக்கு முன்னால் எத்தனை பேர் அதில் வாய் வைத்துப் பேசினார்களோ தெரியாது, அந்தப் பஞ்சு நாறும். பழைய எச்சிலும் இருமல் மருந்தும் கலந்த புளித்த வாடை. ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணியிலிருந்து பகல் ஒரு மணி வரைக்கும் அதை உதட்டருகே பிடித்துக்கொண்டு நிற்பேன். வீட்டுக்கு வந்து சோற்றின் முன் உட்கார்ந்தால் வாடை மூக்கிலேயே நிற்கும். ஒருமுறை உறையைக் கழற்றிச் சவர்க்காரம் போட்டுக் கழுவிக் காயவைத்துப் பார்த்தேன். நாற்றம் போகவில்லை.

ஐயா தமிழில் பேசுவார், நான் சிங்களத்தில் சொல்வேன். அதுதான் என் ஊழியம். மாத்தளை டவுனிலிருந்து யட்டவத்தைக்குப் போகும் பாதையில், தகரக் கூரை போட்ட நீளமான மண்டபம். தோட்டத்துச் சனம் பாதி, பல்லேகம, வில்கமுவ பக்கத்திலிருந்து வரும் சிங்களச் சனம் பாதி. நான் டவுனில் ஒரு கொமியூனிகேஷன் கடையில் வேலை செய்தேன். போட்டோ கொப்பி எடுப்பது, படிவம் நிரப்புவது, இரண்டு மொழியிலும் கடிதம் டைப் பண்ணிக் கொடுப்பது. எனக்குச் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. அது ஐயாவின் காதுக்கு எட்டி, ஆண்டவர் என்னை மேடையில் காட்டினார் என்று ஒரு ஞாயிறு எல்லோர் முன்னாலும் சொன்னார். இருபத்து நான்கு வயதுப் பெண்ணுக்கு, அதுவரை யாரும் எதிலும் காட்டாத ஒருத்திக்கு, அது போதாதா? நான் உச்சி குளிர்ந்து மேடையேறினேன்.

ஊழியத்துக்கு வருமுன் அவர் யட்டவத்தை பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். அதை அவரே பெருமையாகச் சொல்வார். யார் எந்தச் சந்தியில் ஏறினார், கையில் என்ன பை, எந்த ஆஸ்பத்திரிக்குப் போனார், திரும்பும்போது முகம் எப்படி இருந்தது என்பதெல்லாம் பத்து வருஷம் பார்த்துப் பழகிய மனுஷன். அந்த ஞாபகத்தை வைத்துக்கொண்டு, "ஒரு சந்தியில ரெண்டு பையோட அழுதுகிட்டு நிக்கிற ஒரு தாய ஆண்டவர் காட்டுறாரு" என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். மண்டபத்தில் பத்துத் தாய்மார் எழும்பி நிற்பார்கள். எங்கள் பக்கத்தில் எந்தத் தாய்தான் ஒரு சந்தியில் இரண்டு பையோடு நின்று அழவில்லை? இதை நான் இன்று இளப்பமாக எழுதுகிறேன். அன்று எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இரண்டடி தூரத்தில் நின்று பார்த்தவள் நான். தரிசனம் வரும்போது அவர் கழுத்து நரம்பு புடைக்கும், வியர்வை சொட்டும், முழங்கையில் ரோமம் சிலிர்த்து நிற்கும். அதெல்லாம் நடிப்பு என்று சத்தியம் பண்ண இன்றைக்கும் என்னால் முடியாது. எதையோ பார்த்திருக்கலாம். பார்த்ததை என்ன செய்தார் என்பதில்தான் எனக்கு அருவருப்பு.

சொன்னது நடக்காமல் போவது அங்கே வாடிக்கை. ஒரு வருஷம் கார்த்திகை மழையில் டவுன் பாலம் உடைந்து சனம் சாகும் என்றார். பாலம் அசையவில்லை. சபை ஜெபித்ததால் ஆண்டவர் மனமிரங்கினார் என்று அடுத்த ஞாயிறு நன்றி ஆராதனை நடந்தது. இன்னொரு தடவை ஒரு தோட்டத்துப் பையன் சோதனையில் மாவட்டத்திலேயே முதலாவதாக வருவான் என்றார். அவன் பெயிலானான். தாய்க்கு விசுவாசம் போதாது என்று சொல்லி அந்த மனுஷியை முழங்காலில் நிற்கவைத்தார். கெட்டது நடக்காவிட்டால் ஜெபம் தடுத்தது, நல்லது நடக்காவிட்டால் கேட்டவர் மேல் குற்றம். இரண்டு பக்கமும் கதவடைத்த வீடு மாதிரி, பொய் என்ற சொல் உள்ளே நுழைய வழியே இல்லை. நான் இதையெல்லாம் சுத்தமான சிங்களத்தில், உச்சரிப்புப் பிசகாமல், கொஞ்சம் அழகுபடுத்தியும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வில்கமுவ அம்மா வந்தது அந்தக் காலத்தில்தான். சிங்கள மனுஷி, வயல் செய்பவர், கணவர் இல்லை. விடியுமுன் ட்ரக்டர் பெட்டியில் ஏறி, பிறகு இரண்டு பஸ் மாறி, ஆராதனை தொடங்கும்போது முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பார். ஒரே மகள் மத்திய கிழக்கில் வீட்டு வேலைக்குப் போயிருந்தாள். முதலில் வாரம் ஒருமுறை போன் வந்தது. பிறகு மாதம் ஒருமுறை. பிறகு ஐந்து மாதமாக ஒன்றுமில்லை. அந்த அம்மா முதலில் தேடி வந்தது ஐயாவை அல்ல, என்னை. ஞாயிறு முடிந்து திங்கள் காலை கடைக்கு வந்து, "துவே, வெளிநாட்டு வேலை ஒப்பீஸுக்கு ஒரு முறைப்பாட்டுக் கடிதம் எழுதித் தாங்க" என்று கேட்டார். துவே என்றால் மகள். என்னை முதல் நாளிலிருந்தே அப்படித்தான் கூப்பிட்டார்.

கடிதத்தைத் தொடங்கினேன். மகளின் பெயர், பாஸ்போர்ட் நம்பர், அனுப்பிய ஏஜென்ட், வேலை செய்யும் வீட்டின் விலாசம் என்று அவர் கையிலிருந்த கடதாசிகளைப் பார்த்துப் பாதி டைப் பண்ணியபோது மின்சாரம் போய்விட்டது. பஸ்ஸுக்கு நேரமாகிறது, அடுத்த கிழமை வந்து கையெழுத்து வைக்கிறேன் என்று போனார். அடுத்த கிழமை என்பது அடுத்த ஞாயிறுக்குப் பிந்தியதல்லவா? அந்த ஞாயிறு ஐயா மேடையிலிருந்து இறங்கி நேரே அவர் முன்னால் போய் நின்றார்.

"இந்தத் தாயோட மக அந்நிய தேசத்துல இருக்கா. ஒரு வெள்ளச் சுவர் பக்கத்துல நிக்கிறத ஆண்டவர் காட்டுறாரு. மூணாம் மாசம் வருவா. அது வரைக்கும் ஒப்பீஸ் ஒப்பீஸா அலையாதீங்க. அலையிறது அவிசுவாசம்."

இதை நான் சிங்களத்தில் சொல்ல வேண்டும். மூணாம் மாசம் என்பதை அப்படியே மூன்றாம் மாதம் என்று சிங்களத்திலும் மழுப்பிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் எனக்குத் தெளிவாகச் சொல்கிற மொழிபெயர்ப்பாளர் என்ற பெயர் இருந்தது, அந்தப் பெயர் மேல் எனக்குக் கர்வமும் இருந்தது. "மார்து மாசே துவ எனவா" என்றேன். மார்ச் மாதம் மகள் வருவாள். சிங்களப் பேச்சில் எனவா என்றால் வருவாள் என்றும் பொருள், இதோ வந்துகொண்டிருக்கிறாள் என்றும் பொருள். அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தபோது அவர் இரண்டாவது பொருளைத்தான் எடுத்துக்கொண்டார் என்று எனக்குத் தெரிந்தது. நான் திருத்தவில்லை. அந்த முகத்தைக் கெடுக்க மனம் வரவில்லை என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

திங்கள் அவர் கையெழுத்து வைக்க வரவில்லை. அதற்கடுத்த கிழமை நானே அவரிடம், "பொறுத்துப் பார்ப்போம் அம்மே, மார்ச் கிட்டத்தானே வருது" என்று சொன்னேன். பாதிக் கடிதம் கம்ப்யூட்டரில் கிடந்தது.

மார்ச் மாதத்து நான்கு ஞாயிறும் அந்த அம்மா ஒரு பை நிறையக் கெவும் பொரித்துக்கொண்டு வந்தார். மகளுக்குப் பிடித்த பலகாரமாம், எந்த நேரமும் வந்துவிடுவாள் என்று. மண்டபத்திலிருந்து நேரே விமான நிலையத்துக்குப் போகச் சொல்லிவிடுவார்களோ என்று நல்ல சேலை ஒன்றையும் மடித்து வைத்திருந்தார். பகல் ஒரு மணிக்கு ஆராதனை முடிந்ததும் கெவுமை எங்களுக்கெல்லாம் பகிர்ந்து கொடுப்பார். ஐயா இரண்டு மூன்று எடுப்பார். எண்ணெய் ஒட்டிய விரலை நக்கிக்கொண்டு, "ருசி" என்பார்.

ஏப்ரல் முதல் ஞாயிறு நான் பயந்துகொண்டே மேடையேறினேன். ஐயா பயப்படவில்லை. அந்த அம்மாவை எழும்பச் சொன்னார். என்னைப் பார்த்து அன்பாகச் சிரித்தார். பிறகு சபைக்குச் சொன்னார்:

"சிஸ்டர் மார்ச்னு சொல்லிட்டாங்க. நான் சொன்னது மூணாம் மாசம். சித்திரையிலயிருந்து எண்ணிப் பாருங்க, மூணாம் மாசம் ஆனி. ஆண்டவர் எனக்குத் தமிழ்லதான் காட்டுறாரு. பிள்ளைய யாரும் குறை சொல்லாதீங்க, பாவம், வேகத்துல பேசுறாங்க."

சபை என்னைப் பார்த்தது. நான் என்ன செய்தேன் என்று எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. மன்னிப்புக் கேட்டேன். தவறு என்னுடையது, அவசரத்தில் பிழையாகச் சொல்லிவிட்டேன் என்று முதலில் தமிழிலும் பிறகு சிங்களத்திலும் கேட்டேன். ஆண்டவரையே ஒரு பெரிய தலைக்குனிவிலிருந்து காப்பாற்றிவிட்ட மாதிரி ஒரு நிம்மதிகூட வந்தது. ஆராதனை முடிந்ததும் வில்கமுவ அம்மா என் கையைப் பிடித்து, "பரவாயில்ல துவே, மனுசங்களுக்குப் பிழை வர்றதுதானே" என்று தேற்றினார்.

கடை முதலாளி ஒரு முஸ்லிம் மனிதர், எங்களுக்கெல்லாம் நானா, அண்ணன் மாதிரி. அதிகம் பேசமாட்டார். எப்படியோ விஷயம் அவர் காதுக்கு வந்துவிட்டது. மறுநாள் காலை கடை திறந்து, கடதாசிக் கட்டைப் பிரித்துக்கொண்டே கேட்டார்: "தங்கச்சி, அவர் சொன்னது நடக்காம போனா நீங்க ஏன் மன்னிப்புக் கேக்குறீங்க?" நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அவர் விடவில்லை. "யட்டவத்த பஸ்ஸுல அவர் சிங்களத்துல தானே கத்துவார். நான் எத்தன தரம் போயிருக்கேன். அவருக்கு எதுக்கு உங்கட சிங்களம்?"

இந்தக் கேள்வி எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை என்பதை நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது. பத்து வருஷம் கண்டக்டர் வேலை பார்த்தவருக்குச் சிங்களம் தெரியாமல் இருக்குமா? என்னைவிட நன்றாகவே தெரியும். நான் மார்து மாசே என்று சொன்ன அன்றைக்கே அவருக்குக் கேட்டது. பிழையென்றால் அந்த நிமிஷமே திருத்தியிருக்கலாம். மார்ச்சில் மகள் வந்திருந்தால் மார்ச் அவருடையது. வரவில்லை, அதனால் மார்ச் என்னுடையது. பிழையைத் தலையில் கட்ட ஓர் ஆள் வேண்டுமென்றுதான் என்னை மேடையில் நிறுத்தினார் என்று அன்று முதல்முறையாகப் புரிந்தது. புரிந்த பிறகும் அடுத்த ஞாயிறு போனேன். இதற்கு நான் எந்தச் சப்பைக்கட்டும் கட்டப் போவதில்லை. ஒரு மண்டபம் முழுக்க நம் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பது ஒரு போதை.

ஆனியும் போனது. ஆடியில் ஒருநாள் நான் துணிந்து வில்கமுவ அம்மாவிடம், கடிதத்தை முடித்து அனுப்பிவிடுவோம் என்றேன். இந்த முறை அவர் மறுத்தார். "இவ்வளவு நாள் பொறுத்தாச்சு துவே. இப்ப ஒப்பீஸுக்குப் போனா பொறுத்ததெல்லாம் வீணாப் போயிரும்." சொன்னது நடக்காவிட்டால் சனம் கலைந்து போய்விடும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. பொய்த்துப் போன ஒவ்வொரு மாதமும் அந்த அம்மாவை இன்னும் இறுக்கிக் கட்டியது. விட்டுவிட்டால், காத்திருந்த நாளுக்கெல்லாம் தானே பதில் சொல்ல வேண்டுமே.

மகள் வந்தாள். அடுத்த வருஷம், யாருக்கும் சொல்லாமல், ஒரு மத்தியானம் வில்கமுவ பஸ்ஸில் வந்து இறங்கினாள். அது மார்ச் மாதம்.

இதைக் கேட்டதும் ஐயா எப்படி ஆடினார் என்பதை வார்த்தையில் சொல்ல முடியாது. "நான் வருஷம் சொன்னேனா? மாசம்தான் சொன்னேன்" என்று மேடையில் துள்ளினார். சிஸ்டர் அன்று சொன்னதும் சரிதான், அவசரப்பட்டு நாம்தான் பிழை என்று நினைத்துவிட்டோம் என்று எனக்கும் ஒரு பங்கு கொடுத்தார். என் பழைய பிழை இப்போது தரிசனத்தின் ஒரு பாகமாகிவிட்டது. சாட்சி சொல்ல மகளை அழைத்துவரும்படி தாய்க்கு ஆள் அனுப்பினார்.

அவள் மேடையேறியபோது நான் முதலில் பார்த்தது அவள் இடது கையை. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தோல் சுருங்கிப் பளபளத்தது. இஸ்திரிப்பெட்டியால் வந்தது என்று பிறகு சொன்னாள். முடி ஒட்ட வெட்டப்பட்டிருந்தது. அந்தக் கையைத்தான் ஐயா பிடித்து உயர்த்தினார். சபைக்கு நன்றாகத் தெரியட்டும் என்று. அவள் வலியில் முகம் சுளித்தாள், அவர் விடவில்லை. ஆண்டவர் உன்னை எப்படிக் கூட்டி வந்தார், சொல்லு மகளே என்று தமிழில் கேட்டார். நான் சிங்களத்தில் சொன்னேன்.

அவள் சபையைப் பார்க்கவில்லை, முதல் வரிசையிலிருந்த தாயைப் பார்த்துச் சொன்னாள். பக்கத்து வீட்டில் நம் நாட்டுப் பிள்ளை இன்னொருத்தி வேலை செய்தாள். சுவருக்கு மேலால் பேசிக்கொள்வோம். அவளுடைய அம்மா ஊரில் முறைப்பாடு கொடுத்ததால் தூதரகத்து ஆட்கள் வந்து அவளைக் கூட்டிப்போனார்கள். என் பெயரும் இருக்கிறதா என்று அவளைக் கேட்கச் சொன்னேன். பட்டியலில் உன் பெயர் இல்லை, உன்னை யாரும் தேடவில்லை என்றார்கள். வீட்டுக்காரர்கள் கையைச் சுட்டது அதற்குப் பிறகு. பத்து மாதம் பொறுத்து, ஒருநாள் குப்பை கொட்டப் போனபோது ஓடிவிட்டேன். இவ்வளவுதான் சொன்னாள். குரல் உயரவே இல்லை.

சிங்களம் விளங்கியவர்கள் ஏற்கெனவே தலை குனிந்திருந்தார்கள். தமிழ்ச் சனம் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதுவரை நான் எத்தனையோ சாட்சிகளைப் பூசி மெழுகித் தமிழில் கொடுத்திருக்கிறேன். அன்று ஒரு சொல்லையும் மாற்றவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு முறைப்பாடு போனது, பட்டியலில் இவள் பெயர் இல்லை, யாரும் தேடவில்லை என்று எல்லாவற்றையும் சொன்னேன். ஐயாவின் முகம் ஒரு கணம் வெறுமையானது. இதோடு தீர்ந்தது, இனி இந்த மனுஷன் எழும்ப முடியாது என்று நினைத்தேன்.

அவர் கண்ணை மூடினார். வயரில்லாத மைக்கை வாயருகே கொண்டுபோனார். மெதுவாக, கிட்டத்தட்ட ரகசியம் போல ஆரம்பித்தார். "தூதரகத்துப் பட்டியல்ல பேர் இல்ல." நிறுத்தினார். "மனுசன் எழுதின பட்டியல்ல இவ பேர் இல்ல." மறுபடியும் நிறுத்தினார். "ஆனா ஆண்டவரோட ஜீவ புஸ்தகத்துல இருந்துச்சு."

மண்டபம் அதிர்ந்தது. தோட்டத்துப் பெண்கள் கை தட்டி அழுதார்கள். மேடையில் அவள் எதுவும் விளங்காமல், இவர்கள் ஏன் கை தட்டுகிறார்கள் என்று என்னைப் பார்த்தாள். ஏன் என்று இன்றுவரை தெரியவில்லை, என் வாய் தானாகவே திறந்து அதையும் அழகான சிங்களத்தில் சொன்னது. சொல்லி முடித்த பிறகுதான் என் குரல் எனக்குக் கேட்டது. முதல் வரிசையில் வில்கமுவ அம்மா இரண்டு கையையும் உயர்த்தி அழுதுகொண்டிருந்தார்.

அன்று மைக்கை மேடையிலேயே வைத்துவிட்டு, பின்புறத்துக் குழாயடியில் வாந்தி எடுத்தேன். பிறகு அந்தப் பக்கம் போகவில்லை. ஐயாவுக்கு ஒரு குறையும் வரவில்லை. மண்டபத்துக்கு இப்போது டைல்ஸ் போட்டாயிற்று, ஆராதனை போனிலும் வருகிறதாம், வேறொரு பிள்ளை சிங்களத்தில் சொல்கிறாள். சொன்னது பொய்த்தால் தீர்க்கதரிசி பொய்யன்தானே என்று சிலர் என்னைக் கேட்பதுண்டு. வானிலை சொல்பவர்களுக்கும் பொய்க்கிறது, டாக்டருக்கும் பொய்க்கிறது, அதற்காக நான் அவர்களை அருவருப்பதில்லை. பொய்த்த மறுநாள் காலை இந்த மனுஷன் எப்படி முகம் கழுவி, வெள்ளைச் சட்டை போட்டு, யார் தலையில் கட்டலாம் என்று பார்த்துக்கொண்டு வந்தார் என்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தவள் நான். அவர் கண்ட காட்சியைப் பற்றி எனக்கு அதற்குமேல் ஒன்றும் தெரிய வேண்டியதில்லை.

இந்தத் தீர்ப்பை நான் பல வருஷம் நிம்மதியாக வைத்துக்கொண்டிருந்தேன். போன மாதம் அந்த மகள் கடைக்கு வந்தாள். பல்லேகமவில் கலியாணம் கட்டியிருக்கிறாள், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் பிறப்புச் சான்றிதழ் கொப்பி எடுக்க வேண்டும். முடி வளர்ந்து இடுப்பு வரை இருந்தது. அம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். இன்னும் ஞாயிறு தவறாமல் அங்கே போகிறார் என்றாள். எனக்குள் இருந்ததெல்லாம் பொங்கிவிட்டது. அந்த ஆள் உங்கள் அம்மாவை ஏமாற்றினார், உங்கள் ஒரு வருஷத்தைத் தின்றார், பொய்யர், வெட்கம் கெட்டவர் என்று சிங்களத்தில் கொட்டித் தீர்த்தேன்.

அவள் கொப்பிகளை ஒழுங்காக அடுக்கிப் பைக்குள் வைத்தாள். கோபமில்லை, குத்திக்காட்டவுமில்லை. ஏதோ விளக்கம் சொல்வது போலத்தான் சொன்னாள்.

"அம்மாவுக்கு இன்னைக்கும் தமிழ் தெரியாது, அக்கே. அவர் சொன்னதுல ஒரு சொல்லுகூட அவங்களுக்கு விளங்கினதில்ல. அவங்க நம்பினது உங்களத்தான்."